புதிய பொட்டலம் ஒன்று ஊருக்கு வந்தால்

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊருக்கு இப்போதெல்லாம் புதிய தின்பண்டம் எதுவும் தாமதித்து வருவதில்லை. ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ போய்வந்த உறவினர் பையில் போட்டுக் கொண்டுவந்தால்தான் உண்டு என்றிருந்த காலம் போய்விட்டது. பெட்ரோல் நிலையக் கடையிலும், கடைத்தெருவில் அடுத்தடுத்து வந்துவிட்ட மினி மார்க்கெட்டுகளிலும், பள்ளி வாசலுக்கு எதிரே இருக்கும் மளிகைக்கடையிலும் புதிய சுவை, புதிய பெயர் கொண்ட பொட்டலங்கள் அடிக்கடி தொங்கத் தொடங்கிவிடுகின்றன. செம்பனைத் தோட்டத்துக்குள்ளிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து வாரச் சாமான் வாங்கும் குடும்பங்கள், அரிசியும் பருப்பும் மீனும் வாங்கிய கையோடு பிள்ளைகளுக்காக இவற்றிலும் சிலவற்றை எடுத்துக்கொள்கின்றன. எடுக்கும்போது அவர்கள் மனத்தில் எழும் கேள்விகள் தெளிவானவை. இதில் மாட்டிறைச்சி கலந்திருக்கிறதா, வெள்ளிக்கிழமை சாப்பிடலாமா, கொடுக்கிற காசுக்குத் தகுமா, சின்னப் பிள்ளைக்கு உறைக்குமா என்பவைதான் அவை.

மலாயிலும் ஆங்கிலத்திலும் புதிய பண்டங்களைச் சுவைத்துக் காட்டும் காணொளிகள் ஏராளமாக இருக்கின்றன. ஆனால் நம் வீட்டில் எழும் இந்தக் கேள்விகளில் பாதிக்கு அவற்றில் பதில் கிடைப்பதில்லை. அதனால்தான் ஊருக்கு வரும் புதியவற்றை வாங்கி, நிதானமாகச் சாப்பிட்டுப் பார்த்து, தமிழில் எழுதி வருகிறேன். இது பொழுதுபோக்கான வேலை என்று என் அண்ணி சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெயிலில் குலை வெட்டிச் சம்பாதித்த காசு இந்தப் பொட்டலங்களுக்குப் போகிறது. வளரும் பிள்ளையின் நாக்கு எதற்குப் பழக வேண்டும் என்பதையும் இவைதான் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. ஒரு விருந்துச் சாப்பாட்டை எவ்வளவு கவனமாகக் குறை நிறை சொல்கிறோமோ அவ்வளவு கவனம் இரண்டு வெள்ளி (ரிங்கிட்) பொட்டலத்துக்கும் வேண்டும் என்பதே என் கருத்து.

பொட்டலம் கைக்கு வந்ததும் நான் முதலில் செய்வது அதைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படிப்பதுதான். நம் நாட்டின் 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகள் இந்த வகையில் நமக்குப் பெரிய துணை. உள்நாட்டில் தயாராகும் பொட்டல உணவின் விவரங்கள் மலாய் மொழியில் இருக்க வேண்டும். சேர்மானங்களை எடையில் மிகுதியானது முதலாகக் குறைவானது ஈறாக வரிசைப்படுத்த வேண்டும். மாட்டிறைச்சியோ பன்றியிறைச்சியோ அவற்றிலிருந்து பெறப்பட்ட பொருளோ, பன்றிக்கொழுப்போ இருந்தால் அதை 'மெங்கண்டுங்கி' (கலந்துள்ளது) என்று தொடங்கும் தனி அறிவிப்பாகப் பண்டத்தின் பெயருக்குக் கீழேயே அச்சிட வேண்டும். ஆகவே மாட்டிறைச்சி தவிர்க்கும் குடும்பங்கள் தேட வேண்டிய இடம் அந்த வரிதான். ஹலால் முத்திரை இருப்பதால் நமக்கும் பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது, ஏனென்றால் முறைப்படி அறுத்த மாட்டிறைச்சியும் ஹலால் உணவுதான். அந்த முத்திரை முஸ்லிம் அன்பர்களின் கேள்விக்குப் பதில் சொல்கிறது. நம் கேள்விக்கான பதில் அதற்குப் பக்கத்தில், சிறிய எழுத்தில் இருக்கிறது.

உருளைக்கிழங்கு வறுவலில் மாட்டிறைச்சி எங்கிருந்து வரும் என்று பலர் கேட்கிறார்கள். வறுவலில் பெரும்பாலும் வராது. மெல்லும் மிட்டாய்களிலும் பஞ்சு போன்ற மார்ஷ்மெல்லோவிலும்தான் கவனம் வேண்டும். அவற்றை நெகிழ்வாக வைத்திருக்கும் ஜெலாத்தின் விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. சேர்மான வரிசையில் 'ஜெலாத்தின் லெம்பு' என்று இருந்தால் அது மாட்டிலிருந்து எடுத்தது. பிறந்தநாள் விழாவில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் சிறு பைகளில் இந்த மிட்டாய்கள் நிறைய இருப்பதால், வாங்கும்போதே பார்த்துவிடுவது நல்லது. மீன் ஜெலாத்தினில் செய்த மிட்டாய்களும், கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகார் அகாரில் செய்தவையும் கிடைக்கின்றன. அகார் அகாரில் செய்தது சற்று வெடுக்கென்று கடிபடும், இழுவை இருக்காது, ஆனால் சுவையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

வெள்ளிக்கிழமை, புரட்டாசிச் சனிக்கிழமை, தைப்பூச விரதக் காலம் ஆகிய நாள்களில் கேள்வி இன்னும் நுட்பமாகிறது. முன்பக்கத்தில் கோழிப் படம் போட்டிருக்கும் சில பண்டங்களில் கோழியே இருப்பதில்லை, வெறும் 'பெரிசா', அதாவது சுவைமணம் மட்டும் சேர்த்திருப்பார்கள். சாதாரண உப்புச் சுவை என்று நினைத்து எடுக்கும் மற்றொன்றில் இறால் பொடியோ நெத்திலிப் பொடியோ இருக்கும். சுவையூட்டி எண்களில் 621 என்பது அஜினோமோட்டோ என்று நம் வீடுகளில் அறியப்படும் உப்பு. இப்போது பெரும்பாலும் சர்க்கரை அல்லது மாவுச்சத்தை நொதிக்க வைத்துச் செய்யப்படுவது. 631 என்பது அப்படித் தீர்மானமாகச் சொல்லக் கூடியதன்று. மீனிலிருந்தோ இறைச்சியிலிருந்தோ எடுக்கலாம், மாவுச்சத்திலிருந்தும் செய்யலாம்; எண்ணை மட்டும் பார்த்து எது என்று அறிய முடியாது. கடுமையாக விரதம் இருப்பவர்கள், சைவத்துக்கு ஏற்றது என்ற குறி தெளிவாக அச்சிடப்பட்டிருக்கும் பொட்டலத்தை மட்டும் எடுப்பதே பாதுகாப்பு என்று நான் சொல்லி வருகிறேன். என் அம்மா இதைவிட எளிய வழி வைத்திருக்கிறார்: விரத நாளில் வீட்டுக் கடலையைத் தவிர வேறெதுவும் இல்லை.

பின்பக்கத்தைப் படித்த பிறகுதான் சுவை. பசியோடு இருக்கும்போது நான் எதையும் மதிப்பிடுவதில்லை. பசித்தவனுக்கு எல்லாமே நன்றாக இருக்கும். மதியச் சாப்பாடு முடிந்து, கோப்பி குடிக்கும் நேரத்துக்கு முன்னால், வெறும் தண்ணீரை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டு திறப்பேன். திறந்தவுடன் வரும் முதல் வாசனை மிக முக்கியமானது. எண்ணெய் காறிப்போகாமல் இருப்பதற்காகப் பொட்டலத்தில் காற்றுக்குப் பதிலாக நைட்ரஜன் வாயுவை அடைக்கிறார்கள். அந்த அடைப்பு சரியாக இருந்தால் திறந்ததும் மசாலா மணம் வரும். அடைப்பில் குறை இருந்தால் பழைய எண்ணெய் வாடை முந்திக்கொண்டு வரும். பொட்டலம் உப்பியிருப்பதைப் பார்த்து உள்ளே நிறைய இருக்கிறது என்று நினைப்பதும் சரியன்று, அளவைச் சொல்வது 'பெராட் பெர்சிஹ்' என்று அச்சிட்டிருக்கும் நிகர எடைதான். ஒரே விலையுள்ள இரண்டு பொட்டலங்களை இந்த எடையை வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள், வேறுபாடு கண்ணுக்குத் தெரியும்.

உப்பு முட்டைச் சுவை பூசிய உருளைக்கிழங்கு வறுவலை எடுத்துக்கொள்ளலாம். சிங்கப்பூரிலும் நம் நாட்டிலும் சில ஆண்டுகளுக்கு முன் பெரிய அலையாக வந்து, இன்று பல நிறுவனங்கள் செய்யும் பண்டமாக நிலைத்துவிட்டது. சீன உணவகங்களில், உப்பு நீரில் ஊறிய வாத்து முட்டையின் மஞ்சள் கருவை வெண்ணெயில் நுரைக்க வதக்கி, கறிவேப்பிலையும் சிறிய காரமான சில்லி பாடி மிளகாயும் சேர்த்து, இறாலையோ நண்டையோ அதில் புரட்டி எடுப்பார்கள். அந்தச் சுவையைத்தான் வறுவலுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். நல்ல பொட்டலம் ஒன்றைத் தட்டில் கொட்டிப் பார்த்தால், ஒவ்வொரு வில்லையிலும் மஞ்சள் கரு மணல்மணலாக, ஒரே சீராக இல்லாமல் அங்கங்கே திட்டாகப் படிந்திருக்கும். இடையிடையே பொரிந்த கறிவேப்பிலை முழு இலையாகவே கிடக்கும். விரலால் அழுத்தினால் நொறுங்கும், நுகர்ந்தால் தாளிப்பு மணம் வரும். வாயில் போட்டதும் முதலில் வெண்ணெயும் சர்க்கரையும், பிறகு உப்பு, கடைசியில் மஞ்சள் கருவுக்கே உரிய அந்தக் கனத்த, சற்றே கந்தகம் கலந்த சுவை மெதுவாக எழும். அந்தக் கடைசிச் சுவை எழாவிட்டால் அது உப்பு முட்டை வறுவல் இல்லை, மஞ்சள் நிறம் பூசிய இனிப்பு வறுவல் என்றே நான் எழுதுவேன். மலிவான பொட்டலங்களில் கறிவேப்பிலை பச்சைத் தூளாகச் சுருங்கிவிடுகிறது, முட்டைப் பொடி சேர்மான வரிசையில் சர்க்கரைக்கும் பால்பொடிக்கும் மிகவும் பின்னால் போய்விடுகிறது. வரிசையைப் படித்துவிட்டுச் சுவைத்தால் நாக்கு சொல்வதும் தாள் சொல்வதும் வியக்கத்தக்க அளவு ஒத்துப்போகும்.

இதற்கு நேர் எதிரான அனுபவத்தை அண்மையில் ஒரு ரெண்டாங் சுவை வறுவல் தந்தது. நிறுவனத்தின் பெயரைச் சொல்வது என் நோக்கமில்லை. ரெண்டாங் என்பது எலுமிச்சைப்புல்லும் லெங்குவாசும் (பேரரத்தை) மஞ்சள் இலையும் தேங்காய்ப்பாலில் மணிக்கணக்கில் வற்றி, வறுத்து இடித்த தேங்காயான கெரிசிக் சேர்ந்து, எண்ணெய் பிரிந்து கறுத்து வரும் குழம்பு. பெருநாளுக்கு மலாய் நண்பர்கள் வீட்டில் சாப்பிட்டவர்கள் அதன் மணத்தை மறக்க மாட்டார்கள். அந்த வறுவலில் எலுமிச்சைப்புல்லின் சாயல் ஒரு நொடி வந்து போயிற்று. தேங்காய் வறுபட்ட மணம் இல்லவே இல்லை. எஞ்சியதெல்லாம் சர்க்கரையும் மிளகாயும்தான். ஓர் ஊர் முழுக்க அறிந்த உணவின் பெயரை முன்பக்கத்தில் பெரிதாகப் போடும் நிறுவனம், அந்த உணவைச் சமைக்கும் ஒருவரிடமாவது அதைக் கொடுத்துக் கருத்துக் கேட்டிருக்க வேண்டும். கறிச் சுவை என்ற பெயரில் வருபவற்றிலும் இதே குறை உண்டு; மஞ்சளும் சீரகமும் மட்டுமே தெரியும், கொத்தமல்லியின் அடித்தளமும் பட்டை, சோம்பின் மேல்மணமும் இருக்காது. ஆட்டுக்கறிக் குழம்பு வைக்கும் எந்த அம்மாவும் ஒரு கடியில் கண்டுபிடித்துவிடுவார்.

பிஸ்கட்டுகளைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பிஸ்கட்டுக்கு நடுவில் வைக்கும் கிரீமை நாக்கின் மேல் வைத்து அழுத்திப் பாருங்கள். உடல் வெப்பத்தில் உருகி மறைந்தால் அதில் பயன்படுத்திய கொழுப்பு நன்றாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. உருகாமல் மெழுகுபோல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டால், சுவை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அடுத்ததை எடுக்க மனம் வராது.

காரம் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இப்போது பள்ளிப் பிள்ளைகளிடையே பரவியிருப்பது அதுதான். 2012ஆம் ஆண்டு தென்கொரியாவின் சம்யாங் நிறுவனம் புல்டாக் என்ற மிகக் காரமான கோழிச் சுவை மீயை (நூடுல்ஸை) வெளியிட்டது. அதைக் கண்ணீர் வடியத் தின்று காட்டும் காணொளிகள் உலகெங்கும் பரவின, தொடர்ந்து அதிகக் காரத்தையே பெருமையாகச் சொல்லும் மீயும் வறுவலும் நம் நாட்டிலும் பெருகின. பேய் மிளகாய் என்று பெயரிட்டு விற்கப்படுபவற்றில் குறிப்பிடப்படுவது வடகிழக்கு இந்தியாவின் பூட் ஜோலோக்கியா மிளகாய். 2007இல் உலகின் மிகக் காரமான மிளகாயாகக் கின்னஸ் அங்கீகரித்தது அதைத்தான். காரத்தை அளக்கும் ஸ்கோவில் அளவில் பத்து லட்சத்தைத் தாண்டுவது அது. நம் நாக்கு காரத்துக்கு அஞ்சுவதில்லை; சம்பலோடும் மிளகாய் ஊறுகாயோடும் வளர்ந்தவர்கள் நாம். ஆனால் நம் சமையலில் காரம் தனியாக வந்து நிற்பதில்லை. புளி அதை இழுத்துப் பிடிக்கும், தேங்காய் தணிக்கும், வெங்காயத்தின் இனிப்பு அதற்கு ஈடு கொடுக்கும். இந்தப் புதிய மீ வகைகளில் பலவற்றில் முதல் வாய்க்குச் சுவை தெரிகிறது, மூன்றாவது வாய்க்கு எரிச்சல் மட்டுமே தெரிகிறது. சுவை மறைந்த பிறகும் தின்ன வைப்பது பந்தயம்தான் என்பதால், இவற்றைப் பிள்ளைகளுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. பெரியவர்கள் விரும்பினால் காரக்கூழில் பாதியை மட்டும் கலந்து, ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, முட்டைக்கோஸ் நறுக்கிப் போட்டுச் சாப்பிடலாம். அப்போது அந்த மீயின் தடித்த, வழுவழுப்பான இழை எவ்வளவு நன்றாகச் செய்யப்பட்டிருக்கிறது என்பது தெரியவரும். எரிச்சல் தாங்காவிட்டால் தண்ணீர் உதவாது. காரத்துக்குக் காரணமான காப்சைசின் நீரில் கரையாது. பாலோ தயிரோதான் அதைக் கழுவிக்கொண்டு போகும்.

மீயைப் பச்சையாகவே தின்னும் பழக்கம் நம் நாட்டில் புதியதன்று. மலாக்காவில் பிறந்த மாமி மான்ஸ்டர் 1970களிலிருந்து அதைத்தான் செய்கிறது: பொட்டலத்தைப் பிரிக்காமலே கையால் நொறுக்கி, பொடியைத் தூவி, குலுக்கித் தின்பது. என் அண்ணன் பிள்ளைகள் எத்தனை புதிய பண்டங்களைக் கொண்டுவந்து கொடுத்தாலும், "அத்தை, மாமி இருக்கா?" என்றுதான் கடைசியில் கேட்கிறார்கள். ஒரு பண்டம் தலைமுறை தாண்டி நிற்பதற்கு விளம்பரம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. கையால் நொறுக்கும் அந்த வேலையும், ஒவ்வொரு பிள்ளையும் தனக்கேற்ற அளவு பொடி போட்டுக்கொள்ளும் உரிமையும் அதன் சுவையில் சேர்ந்தவை என்று நான் கருதுகிறேன்.

துரித உணவில் எங்கள் ஊரின் தனிப்பெருமை கடைத்தெருவில் மாலையில் முளைக்கும் பர்கர் ஒட்டுக்கடைதான். ராம்லி மொக்னி என்பவர் 1970களின் இறுதியில் ஹலால் பர்கர் இறைச்சி செய்து விற்கத் தொடங்கிய முயற்சி, இன்று நாடெங்கும் தெருவோரக் கடைகளுக்கு அடிப்படையாக இருக்கிறது. புதிதாக வரும் எந்தப் பெரிய உணவகத்தின் பர்கரையும் நான் இந்த ஒட்டுக்கடைப் பர்கரோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கிறேன். கடைக்காரர் ரொட்டியை மார்ஜரினில் வாட்டி ஒதுக்குவார். கோழி வட்டத்தைக் கல்லில் போட்டு, ஓரளவு வெந்ததும் நடுவே கீறி மெல்லிதாக விரிப்பார். மிளகுத்தூளும் கறுப்புச் சாஸும் தெளிக்கும்போது எழும் புகையில்தான் பாதிச் சுவை இருக்கிறது. பிறகு ஒரு முட்டையை உடைத்துக் கல்லில் கரண்டியால் பரப்பி, அது இறுகுவதற்கு முன் கோழி வட்டத்தை நடுவில் வைத்து நான்கு பக்கமும் மடித்து மூடுவார். சீவிய முட்டைக்கோஸ், வெங்காயம், மிளகாய்ச் சாஸ், மயோனைஸ் வைத்து எண்ணெய்த்தாளில் சுற்றிக் கொடுக்கும்போது அது கையில் கனமாகவும் சூடாகவும் இருக்கும். முட்டையுறைக்குள் இறைச்சியின் சாறு தங்கிவிடுவதால் வீடு போய்ச் சேரும்வரை உலர்வதில்லை. பெரிய உணவகங்களின் பர்கருக்கு இல்லாத நன்மை இது.

இங்கும் நம் வீட்டுக் கேள்வி ஒன்று இருக்கிறது. அதே கல்லில்தான் மாட்டிறைச்சி வட்டமும் வாட்டப்படுகிறது. எங்கள் ஊர்க்கடைக்காரர் இதை நன்கு அறிந்தவர். "ஆயாம் ஸ்பெஷல்?" (முட்டையில் மடித்த கோழி பர்கரா?) என்று அவரே கேட்டுவிட்டு, கரண்டியால் கல்லின் ஒரு பக்கத்தைச் சுரண்டித் துடைத்து, தனியாக வைத்திருக்கும் வேறொரு கரண்டியை எடுப்பார். யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பல ஆண்டுகளாக இந்தியக் குடும்பங்கள் வந்து வாங்குவதைப் பார்த்து அவராகவே செய்துகொண்ட ஏற்பாடு. புதிய ஊரில் வாங்கும்போது, கூட்டம் சேர்வதற்கு முன்பே போய்ப் பணிவாகக் கேட்டுக்கொண்டால் பெரும்பாலான கடைக்காரர்கள் இதைச் செய்து தருகிறார்கள். கல்லைப் பொதுவாகப் பயன்படுத்துவதே தமக்கு ஒப்பாது என்று கருதுபவர்கள் இதைத் தவிர்ப்பதுதான் சரி, அதில் வாதாட ஒன்றுமில்லை.

பெரிய உணவகங்களின் வரலாறு நம் நாட்டில் 1963இல் கோலாலம்பூரில் திறந்த ஏ அண்ட் டபிள்யூ உணவகத்திலிருந்து தொடங்குகிறது. 1973இல் ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானில் கேஎஃப்சி வந்தது, 1981இல் ஜொகூர் பாருவில் மேரிபிரவுன் என்ற உள்நாட்டு நிறுவனம் பிறந்தது, 1982இல் புக்கிட் பிந்தாங்கில் மெக்டோனல்ட்ஸ் திறக்கப்பட்டது. தோட்டக் குடும்பங்களுக்கு இவை இன்றும் அன்றாட உணவாகவில்லை. சம்பள நாளுக்கும் பிள்ளைகளின் தேர்வு முடிவு நாளுக்கும் உரிய இடங்களாகவே இருக்கின்றன. 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. நான்கு பேர் கொண்ட குடும்பம் இங்கே வயிறார உண்டு எழுந்தால் அதில் ஏறத்தாழ ஒரு நாள் கூலி போய்விடும். அதனால் பருவத்துக்குப் பருவம் வரும் புதிய சாஸ், புதிய மேல்பூச்சு ஆகியவற்றை நான் சற்றுக் கண்டிப்பாகவே மதிப்பிடுகிறேன். பழைய பொரித்த கோழியின் மேல் இனிப்புச் சாஸை ஊற்றிக் கூடுதல் விலை வைப்பதை நான் புதிய பண்டமாகக் கணக்கிடுவதில்லை. சாஸ் ஊற்றிய மறுநிமிடமே மொறுமொறுப்பு போய்விடுவதால், கொடுத்த காசுக்குக் கிடைத்த நல்ல அம்சமும் கெட்டுவிடுகிறது. மாறாக, உள்ளூர் நாக்கை அறிந்து செய்தவை நிலைத்திருக்கின்றன. மெக்டோனல்ட்ஸ் கோழிக்கஞ்சி விற்பது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. காய்ச்சலில் படுத்த பிள்ளைக்குக்கூட வாங்கிக் கொடுக்கலாம்.

தோட்டத்துக்கு வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. பெட்டியை இறுக மூடினால் உள்ளே எழும் ஆவியே கோழியின் மேல்தோலை நனைத்துவிடும். மூடியை ஓரமாகச் சற்றுத் திறந்துவைத்துக் கொண்டுபோனால், வீட்டில் சட்டியை எண்ணெயில்லாமல் சூடாக்கி இரண்டு நிமிடம் புரட்டினாலே மொறுமொறுப்பு மீண்டுவிடும். செட் உணவோடு வரும் குளிர்பானத்தைப் பற்றியும் யோசிக்கலாம். 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள பானங்களுக்கு 2019 ஜூலையில் அரசு லிட்டருக்கு 40 காசு கலால் வரி விதித்தது, 2025இல் அதை 90 காசாக உயர்த்தியது. அவ்வளவு தூரம் கவலைப்பட வேண்டிய அளவுக்கு அதில் சர்க்கரை இருக்கிறது. முடிந்த இடத்தில் தண்ணீருக்கு மாற்றிக் கேளுங்கள்; கோழியின் சுவையும் அப்போதுதான் சரியாகத் தெரியும்.

நம்மவர்கள் செய்யும் பண்டங்களுக்கு வருகிறேன். ஈப்போவின் புந்தோங்கில் எட்டயபுரம் பகுதியிலிருந்து வந்த குடும்பங்கள் வளர்த்த கச்சாங் பூத்தே தொழில் நாடறிந்தது. காகிதக் கூம்பில் கடலையும் பட்டாணியும் ஓமப்பொடியும் முறுக்கும் அளந்து கொடுத்த அந்தத் தொழில், இப்போது அழகாக அச்சிட்ட, மீண்டும் மூடி வைக்கும் பைகளுக்கு மாறி வருகிறது. சுவையைப் பொறுத்தவரை பெரிய நிறுவனங்களின் பண்டங்கள் எதுவும் இவற்றுக்கு அருகில் வர முடியாது என்று உறுதியாகச் சொல்வேன். புதிதாக வந்திருக்கும் நெத்திலி சேர்த்த கடலையும் பூண்டு முறுக்கும் மிக நன்றாக இருக்கின்றன. ஆனால் சிறு தொழில் செய்பவர்களில் சிலர் இன்றும் சேர்மானங்களையோ தயாரித்த நாளையோ அச்சிடுவதில்லை. காறிய எண்ணெய் வாடை வரும் முறுக்குப் பையை வாங்கி ஏமாந்த ஒருவர், அடுத்த முறை தேதி அச்சிட்ட பெரிய நிறுவனத்தின் பையைத்தான் எடுப்பார். ஒரு சிறிய தேதி முத்திரையும் நல்ல அடைப்பும் இருந்தால் அவர்களுடைய வாடிக்கை இருமடங்காகும் என்பது என் எண்ணம், இதைச் சந்தையில் நேரில் பார்க்கும்போதெல்லாம் சொல்லியும் வருகிறேன்.

மரவள்ளி வறுவலும் அப்படியொரு மறுபிறப்பைக் கண்டிருக்கிறது. 1941 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானியர் ஆட்சியில் அரிசி கிடைக்காமல் தோட்டத்து மக்கள் மரவள்ளியைத் தின்றே உயிர் பிழைத்தார்கள். அதனால் என் பாட்டி தம் கடைசிக் காலம்வரை அந்தக் கிழங்கைத் தொட மறுத்தார். இன்று அதே கிழங்கு பளபளக்கும் பையில், சம்பல் சுவையோடும் சீஸ் சுவையோடும், உருளைக்கிழங்கு வறுவலுக்கு ஈடான விலையில் தொங்குகிறது. இவற்றில் நான் இந்த மாதம் சாப்பிட்டதில் மிகச் சிறந்தது எந்த நிறுவனத்துடையதும் அன்று. எங்கள் ஊர் வாரச் சந்தையில் காய்கறிக் கடைகளுக்கு அடுத்து அமரும் ஓர் அக்கா விற்கும், கறிவேப்பிலையும் காய்ந்த மிளகாயும் போட்டுப் பொரித்த வறுவல்தான் அது. கிழங்கைத் தாள்போல் சீவியிருக்கிறார், எண்ணெய் தாளில் ஒட்டவில்லை, உப்பு ஒரே சீராகப் பிடித்திருக்கிறது, பொரித்த தேதியைக் கைப்பட எழுதி உள்ளே ஒரு சீட்டாகவும் வைத்திருக்கிறார். ஒரு பை ஐந்து வெள்ளி. மழை இல்லாத நாளில் இருட்டுவதற்கு முன்பே தீர்ந்துவிடுகிறது, ஆகவே வேண்டுபவர்கள் சந்தை தொடங்கும் நேரத்திலேயே போய்விடுங்கள்.